இரண்டு பேருக்கு அரிசி

— மணி அஞ்சு. அங்க இப்ப சோத்து மணி அடிச்சிருக்கும், பூவக்கா.

— அங்க அடிச்சா நமக்கென்ன, லேயா? பானையத் திற. எவ்வளவு போட்ட?

— கொஞ்சந்தான்.

— கொஞ்சமா? மூடி தூக்கிக்கிட்டு நிக்குது. இது நம்ம ரெண்டு பேருக்கா, இல்ல பதுளை வண்டிப்பேட்டைக்கே சோறு போடப் போறியா?

— கை அப்படியே அள்ளிருது. பத்து வருஷமா நாப்பது பேருக்கு அள்ளின கை.

— மிஸ்ஸியம்மாவோட மிஷன் வீட்ட விட்டு வந்து பதினோரு நாளாச்சு. கைக்கு இன்னும் சேதி போகலயா?

— நாப்பதுக்குன்னா கண்ண மூடிக்கிட்டு உப்புப் போடுவேன். ரெண்டு கை, அதோட சரி. ரெண்டு பேருக்கு எவ்வளவுன்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

— கேளு. மாசத்துக்குன்னு அரை புசல் அரிசி வாங்கினோம். சாக்கப் பாத்தியா?

— பாத்தேன்.

— கைய விட்டா அடி தட்டுது. இனி வாங்கணும்னா விலையும் ஏறிப்போச்சு. பண்டாரவளை வரைக்கும் ரயில்ல வருது, அங்கேருந்து மாட்டு வண்டி. அந்த வண்டிக் கூலியும் நம்ம தலையிலதான். விளக்குக்கு எண்ணெய் இல்ல. நாளைக்கு வீட்டுக்கார ராத்தாவுக்கு வாடகை. உப்புக்கு விலை இருக்குன்னே எனக்கு இந்தப் பதினோரு நாள்லதான் தெரியும், லேயா. அங்க ஜாடியில கைய விட்டா இருக்கும்.

— ஜாடிக்கு வெள்ளத் துணி கட்டியிருக்கும். நான்தான் கட்டுவேன்.

— இப்ப அதையா கேட்டேன்?

— மழைக்காலத்துல துணி நனைஞ்சு உப்பெல்லாம் தண்ணியாப் போயிரும். மிஸ்ஸியம்மா எட்டிப் பாத்துட்டு, யாரு அழுதாங்கன்னு கேப்பாங்க.

— அந்தத் தகரக் கூரையில மழை அடிச்சா ஜெபமே கேக்காது. மிஸ்ஸியம்மா வாய் மட்டும் அசையும்.

— நீ அந்த நேரம் பாத்து உங்க தோட்டத்து லயத்துப் பாட்டப் பாடுவ. கண்ண மூடிக்கிட்டு, கைய கூப்பிக்கிட்டு. ஆமென் மட்டும் சரியா வந்து சேந்துரும்.

— ஒரு நாள் மழை சட்டுனு நின்னு போச்சு. மாட்டிக்கிட்டேன்.

— மூணு அடி. நான்தான் எண்ணினேன்.

— அடியும் வாங்கினோம்ல? அதையும் சேத்து நெனச்சுக்க.

— நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அடி விழுந்தா நாப்பது பேரு பாப்பாங்க. இங்க நான் விழுந்து கெடந்தாலும் பாக்க ஆளில்ல. நீ விடிஞ்சா ஹாஷிம் நானா கடைக்குத் தைக்கப் போயிருவ. செவுரப் பாத்து உக்காந்திருப்பேன். கிறிஸ்மசுக்கு ஆளுக்கொரு தோடம்பழம் குடுப்பாங்களே, தோலத் தலையணைக்கு அடியில வச்சிருப்போமே—

— காயுற மட்டும் மணக்கும்.

— அந்த நீட்டு அறை பூரா மணக்கும், பூவக்கா. நாப்பது தோலு.

— நான் மட்டும் என்ன கல்லா? முந்தாநாள் கடை விட்டு வரும்போது அந்த மதில் பக்கமா சுத்தித்தான் வந்தேன். பாடிக்கிட்டு இருந்தாங்க. பாட்டுல சின்னதுங்க வழக்கம் போல முன்னாடி ஓடிருதுங்க, பெரியவளுங்க குரல் பின்னாலேயே வருது. பாட்டு முடியுற மட்டும் நின்னேன்.

— என்கிட்ட சொல்லவே இல்ல.

— சொன்னா நீ அழுவ.

— சொல்லலேன்னாலும் அழுதேன். ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. மூச்சுச் சத்தம் பத்தல.

— எனக்கு இந்தக் கதவு வேணும், லேயா. அங்க பூட்டு வெளிய தொங்கும். இங்க தாழ்ப்பாள் உள்ள இருக்கு. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துல எங்க லயத்துக் காம்பரா, அந்த ஒத்தை அறைக்குச் சாக்குத்தான் கதவு. எங்கம்மா அத இழுத்து விட்டா, இந்தப் பக்கம் எங்க வீடு, அந்தப் பக்கம் தோட்டம். கங்காணியே வந்தாலும் வெளிய நின்னுதான் கூப்பிடணும்.

— உனக்கு ஏழு வயசு வரைக்கும் அது இருந்துச்சு. என்னய மூணு வயசுல வண்டியில கொண்டாந்து எறக்கினாங்க. எனக்கு வீடுன்னா அந்த நீட்டு அறைதான். வேற எதைன்னு நான் நெனப்பேன்?

— புள்ளயள், உள்ளுக்கு ஈக்கிறீங்களா?

— வாங்க ஸுபைரா ராத்தா. வாடகை நாளைக்குன்னுதானே பேசினோம்?

— வாடகை நாளைக்குத்தான், நான் வந்தது எண்ட ஆட்டுக்கு. புல்லக் காட்டினா மொகத்தத் திருப்புது. சோத்துக்காக உங்கட வாசல்லயே கெடக்கு. இப்பிடிப் பழக்கினா நாளைக்குக் கறியும் கேக்கும்.

— மிஞ்சினதத்தான் போட்டேன், ராத்தா.

— எப்பிடி மகள் மிஞ்சும்? வந்த மறுநாளே அளவுச் சுண்டக் கையில தந்து செல்லித் தந்தேனே. ஒருத்தருக்கு ஒரு சுண்டு அரிசி, உங்க ரெண்டு பேருக்கு ரெண்டு. நீயும் அளந்து ஆக்கினாய். ஒரு பருக்கை மிஞ்சல்ல. நான் பக்கத்துலதானே நிண்டேன்?

— எப்ப ராத்தா? எனக்குத் தெரியாதே.

— நீ கடைக்குப் போன முதல் நாள், பூவம்மா. ஒரு தரம் செல்லினாப் போதும், லேயா புடிச்சுக்குவாள் எண்டு எங்கட வீட்டுலயும் செல்லிச் சிரிச்சேன். சரி, ஆட்ட இழுத்துக்கொண்டு போறேன். வாசலச் சாத்துங்க, திரும்பி வந்துரும்.

— லேயா. என்னயப் பாரு.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— அளவு தெரியும் உனக்கு.

— தெரியும்.

— முதல் நாளே.

— முதல் நாளே தெரியும். அரிசி தீந்துட்டா திரும்பிப் போயிரலாம்னு நெனச்சேன். நீயா வரமாட்ட. கையில ஒண்ணும் இல்லேன்னா வருவ.

— நான் அந்த மண்ணெண்ணெய் வெளிச்சத்துல சட்டைக்குக் காஜா எடுத்தேன். விரலப் பாரு.

— தெனமும் பாத்தேன். பாத்துட்டுத்தான் அள்ளிப் போட்டேன்.

— பதினெட்டு முடிஞ்சதும் என்னயப் போகச் சொன்னாங்க. உனக்கும் முடியட்டும்னு ஒரு வருஷம் சம்பளமில்லாம அங்கயே கெடந்தேன்.

— கெடந்த. இப்பவும் அங்கயே கெடப்போம்னுதான் சொல்றேன். சமையலுக்கு ஆள் வேணும்னு மிஸ்ஸியம்மா தேடுறாங்களாம், போன ஞாயித்துக்கிழமை கோயில்ல பேசிக்கிட்டாங்க. சோறும் பாயும் அங்கயே. வாடகை இல்ல, எண்ணெய் இல்ல. நாம ரெண்டு பேரும் போனா—

— ரெண்டு பேரு இல்ல.

— என்ன?

— ஒரு ஆளுக்குத்தான் இடம். பூனாகலையிலேருந்து புதுசா ஆறு பிள்ளைங்க வந்திருக்கு. நம்ம ரெண்டு பாயையும் குடுத்தாச்சு. அடுப்படிப் பக்கம் ஒரு பாய் போடலாம்னாங்க. ஒண்ணே ஒண்ணு.

— உனக்கு யாரு சொன்னா?

— மிஸ்ஸியம்மாதான். இன்னைக்கு மத்தியானம் நானாகிட்ட கேட்டுக்கிட்டு மிஷனுக்குப் போனேன். காலையில சாக்கத் தூக்கிப் பாத்தேன். இனிமே முடியாதுன்னு போனேன்.

— என்கிட்ட சொல்லாமலா?

— நீ சொல்லிட்டா அள்ளிப் போட்ட?

— சரி. என்னதான் சொன்னாங்க?

— நாம ரெண்டு பேருமே அந்த அடுப்படியில வளந்தவங்க, யாரானாலும் சரின்னாங்க. நானாவும் அதேதான் சொல்றாரு. காஜா எடுக்குறது யாரா இருந்தாலும் கூலி ஒண்ணுதானாம். ஒரு ஆளுன்னா அந்தக் கூலிக்குள்ள வாடகை, அரிசி, எண்ணெய் எல்லாம் அடங்கும். அங்க ஒரு ஆளு, இங்க ஒரு ஆளு.

— யோசிச்சுச் சொல்றேன்னு வந்திருக்கலாம்ல?

— யோசிக்க விடல. உடனே பேரக் கேட்டாங்க. நோட்டுல எழுதி மையும் ஒத்தி எடுத்துட்டாங்க. நாளைக்குக் கோயில் விட்டதும் துணிமணியோட வந்துரணுமாம்.

— பூவக்கா.

— சோறு ஆறுது. தட்ட எடு.

— யார் பேரச் சொல்லிட்டு வந்த?