இழுத்துப் பார்க்கிறவன்

வீட்டைப் பூட்டினால் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் நான் படி இறங்க மாட்டேன். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். பாதி வழியில் சந்தேகம் வந்தால் திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். "அப்பா இழுக்கற இழுப்புல பூட்டே தேஞ்சுபோச்சு" என்று என் மகள் சிரிப்பாள். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். தப்பாக நினைக்க வேண்டாம் ஐயா, இந்த அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை, காற்றுக்கு ஆடுகிறது. அதைச் சாத்தச் சொன்னால் நான் உட்கார்ந்து பேசுவேன்.

சரி. இப்போது பரவாயில்லை.

கிடங்குக் காவலில் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்கிறவன் நான். முறை மாறும்போது ஒருவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். துடைக்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும். பள்ளிக்கூடம் எனக்கு ஏறவில்லை. அதனாலோ என்னவோ, யார் எதைச் சொன்னாலும் நம்பிக்கை வராது. மருந்துக் கடைக்காரன் கொடுக்கிற மாத்திரையை இன்னொரு கடையில் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் முழுங்குவேன்.

எங்கள் பழைய துப்பாக்கிகளில் பக்கவாட்டில் ஒரு சின்ன லிவர் இருக்கும். மேலே தள்ளினால் பூட்டு. கீழே தள்ளினால்தான் சுடும். பூட்டிவிட்டால் விசையை எவ்வளவு இழுத்தாலும் கல் மாதிரி நிற்கும். எங்கள் இடத்தில் துப்பாக்கி குண்டோடுதான் கை மாறும், அது நிர்வாகத்தின் ஏற்பாடு. அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். மூலையில் மணல் பெட்டி, அதற்குப் பின்னால் ஓர் இரும்புத் தகடு. துப்பாக்கியை வாங்குகிறவன் அதை மணலைப் பார்த்துப் பிடித்து, லிவரைத் தள்ளி, விசையை ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் "பூட்டு" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் இடுப்பு உறையில் வைக்க விடுவேன். பூட்டை இழுத்துப் பார்ப்பது மாதிரிதான் இதுவும். இத்தனை காலத்தில் அந்த அறையில் ஒரு குண்டு வெடித்ததில்லை.

அப்புறம் பயிற்சியாளர் வந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். கக்கூஸுக்குப் போனாலும் தொங்கும். அதனால் பையன்கள் அவரை விசிலார் என்பார்கள். நல்ல மனிதர். என் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம்.

அவர் கொண்டுவந்த புதிய துப்பாக்கிகளிலும் லிவர் இருந்தது, ஏறக்குறைய அதே இடத்தில். ஆனால் அது பூட்டு இல்லை. டீகாக்கர் என்றார். கீழே தள்ளினால், நிமிர்ந்து நிற்கிற சுத்தியல் வெடிக்காமல் மெதுவாக இறங்கிக்கொள்ளும். கையை எடுத்தால் லிவர் தானாக மேலே வந்துவிடும். அவ்வளவுதான். பூட்டு என்று ஒன்று அதில் எங்குமே கிடையாது.

எல்லாரையும் நிற்க வைத்து அவர் விளக்கினார். நான்தான் கேட்டேன்.

"பூட்டாம எப்படி சார் இடுப்புல வெச்சுக்கறது?"

"பெரியவரே, சுத்தியலை இறக்கிட்டா அப்புறம் ட்ரிகரை நீளமா, அழுத்தமா இழுத்தாத்தான் சுடும். தெரியாம விரல் பட்டா ஒண்ணும் ஆகாது. அவசரத்துல பூட்டைத் திறக்க மறந்து செத்தவன் நிறையப் பேர். இதுல அந்தத் தொல்லை இல்லை. அந்த நீளமான இழுப்புதான் இதோட காவல்."

"இழுத்தா சுடும்ல?"

"துப்பாக்கின்னா சுடத்தானே செய்யும்?"

"அப்ப எப்படி இழுத்துப் பாக்கறது?"

"இழுத்தே பாக்கக்கூடாது. குண்டு இருக்கற துப்பாக்கிய இழுத்துப் பாக்கறது ஒரு பழக்கமா? முதல்ல அதை விடுங்க."

தொப்பைக்காரன் என்று ஒரு காவலாளி இருக்கிறான். அவன் சும்மா இருக்காமல், "பெரியவர் பல்செட்டையே இழுத்துப் பாத்துட்டுத்தான் சாப்பிட உக்காருவாரு சார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்தார், விசில் நெஞ்சில் குதித்தது. நானும் சிரித்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தத்தினால் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

பழையவற்றைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டு வேறு கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. அலமாரியைப் பூட்டுவேன், இழுப்பேன், உள்ளே இருக்கிறவை எதுவும் பூட்டாதவை என்று ஞாபகம் வரும், திறந்து பார்ப்பேன். பார்த்து என்ன செய்ய? மேலாளரிடம் போய், "என்னைக்காவது ஒருத்தன் பழைய ஞாபகத்துல இழுத்துருவான் சார்" என்றேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "அப்படி இழுக்கச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே" என்றார்.

அது சரிதான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆயுத அறையின் பலகைத் தடுப்பில் ஒரு ஓட்டை விழுந்தால் போதும் என்று நினைத்தேன். ஒரே ஒரு ஓட்டை. அப்போது பூட்டு உள்ளவற்றைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள். யாருக்கும் அடிபட வேண்டும் என்பதில்லை.

எங்களோடு காவல் வேலை பார்க்கிற என் மருமகன் பயிற்சி நாளில் இல்லை. குழந்தைக்கு அம்மை, விடுப்பில் இருந்தான். அந்த விடுப்பைக் கேட்டபோது பயிற்சியாளர் அவனைப் பத்துப் பேர் முன்னால் திட்டினார், இவனும் பதிலுக்கு ஏதோ முறைத்தான். அதை வைத்துத்தான் நீங்கள் அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அது அன்றோடு முடிந்துபோன சண்டை ஐயா. அவன் கோபத்தை வீடு வரைக்கும்கூடத் தூக்கிக்கொண்டு வர மாட்டான்.

பயிற்சியாளர் என்னிடம் சொல்லியிருந்தார்: "உங்க மருமகன் வந்ததும் நேரா என்கிட்ட அனுப்புங்க. நான் சொல்லிக் கொடுக்காம புதுசை அவர் கையில கொடுக்காதீங்க." சரி சார் என்றேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மற்றவர்கள் என்றால் இரண்டு கேள்வி கேட்பார்கள். மாப்பிள்ளை கேட்க மாட்டான். அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டது நான், துப்பாக்கியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். இந்த உலகத்தில் என் பேச்சை அப்படியே நம்புகிறவன் அவன் ஒருவன்தான்.

மணல் பெட்டியைத் தகடோடு முற்றத்துக்கு எடுத்துப்போகச் சொன்னதும் நான்தான். அடிப்பலகை உளுத்துவிட்டது என்றேன். அவ்வளவாக ஒன்றும் உளுக்கவில்லை. பெட்டியை எடுத்ததும் அந்த மூலையில் வெறும் பலகைத் தடுப்பு மட்டும் நின்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பயிற்சியாளரின் மேசை. அந்த நேரத்தில் அவர் மைதானத்தில் இருப்பார். தினமும் இருப்பார். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஐயா, அந்தக் காவலரை ஒரு பக்கமாக நிற்கச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை. அவர் உறையில் இருப்பது எந்த மாதிரி என்று பார்க்க முடியவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை நனைந்துகொண்டு வந்தான். தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தேன். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொப்புளம் காய்ந்துவிட்டது, தாத்தா எங்கே என்று கேட்கிறான் என்றான். புதியதை எடுத்துக் கொடுத்தேன்.

"இதுல கீழ தள்ளணும் மாப்பிள்ளை. அவ்வளவுதான் வித்தியாசம்."

"பூட்டுக்கு முன்னாடி மேல, இப்ப கீழ. அதுதானே மாமா?"

"அதுதான்."

மூலையில் பெட்டி இல்லை என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை. கை பழகியிருந்தது, தானாக அந்த மூலைக்குப் போனது. லிவரைக் கீழே தள்ளினான், சுத்தியல் இறங்கியது. விசையை இழுத்தான். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பலகையைத் துளைத்து, பயிற்சியாளருக்குக் கழுத்துக்குக் கீழே. மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை கை தவறிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். என் பெயரை அவன் எடுக்க மாட்டான், எனக்குத் தெரியும்.

இன்று காலையில் மகள் வந்தாள். "அவர் பேசவே மாட்டேங்கறாருப்பா. நீங்க அங்கதானே இருந்தீங்க, போய் உள்ளதைச் சொல்லுங்க" என்றாள். கூடவே இன்னொன்றும் கேட்டாள்.

"உள்ள ஆள் இருக்கறது உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"நான் பாக்கலம்மா."

பார்க்கவில்லை என்பது உண்மை. பலகைக்கு ஊடாக யாரால் பார்க்க முடியும்?

தண்ணீர் வேண்டாம் ஐயா. சொல்லி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் திரும்பவும் எழுந்துகொள்வேன்.

அந்த நீளமான இழுப்பு இருக்கிறதே, பயிற்சியாளர் சொன்னது பொய்யில்லை. அது ஆளுக்கு யோசிக்க அவகாசம் கொடுக்கிறது. மாப்பிள்ளை பாதி இழுத்துவிட்டு நிறுத்தினான். "மாமா, பூட்டியும் இது நகருதே" என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் தடுப்புக்கு அந்தப் பக்கம் விசில் மேசை விளிம்பில் டொக்கென்று இடித்தது. நனைந்த காலணியைக் கழற்ற அவர் குனிகிறபோது வருகிற சத்தம் அது. எனக்கு நன்றாகத் தெரியும். மாப்பிள்ளையின் காதில் விழவில்லை. அவன் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெறும் பலகையில் ஓட்டை விழுந்தால் தச்சன் ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவான், யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள் என்று அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது.

"புதுசு, அப்படித்தான் இருக்கும். இன்னும் இழு மாப்பிள்ளை" என்றேன்.

நேற்று பழைய துப்பாக்கிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்களாம், தொப்பைக்காரன் சொன்னான். இனி அங்கே யாருக்கும் எதுவும் ஆகாது. மாப்பிள்ளையை மகளோடு அனுப்பிவிடுங்கள், குழந்தை தேடும். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னை உள்ளே வைத்துப் பூட்டுகிறவர் யாராக இருந்தாலும், போகும்போது பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அப்போதுதான் எனக்குத் தூக்கம் வரும்.