சிவக்காத குக்கீ

கும்மிடிப்பூண்டியில் ஏறிய இருவர் ரயிலில் என் எதிர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள்; மடியில் ஹெல்மெட் இருந்தது. மூத்தவர் டிபன் டப்பாவைத் திறந்து இளையவரிடம் நீட்டினார். உள்ளே கரிக்கட்டை போலச் சில வட்டங்கள்.

“இன்னாணா இது?”

“சாக்லேட் செர்ரி குக்கீடா. நேத்து ஊட்டுல நானே போட்டேன். செவக்கட்டும், செவக்கட்டும்னு ஓவனையே பாத்துக்கினு இருந்தேன்.”

“சாக்லேட் மாவு எங்கணா செவக்கும்?”

“ஃபர்னஸாண்ட நிக்கறவனுக்கு வேற இன்னாடா தெரியும்? கலரப் பாத்துத்தான இரும்பையே வெளிய இழுக்கறோம்.”

இளையவர் சிரித்து ஓய்வதற்குள் கவரைப்பேட்டை வந்துவிட்டது.

“சரி, பாப்பா பேசிச்சா?”

“பொறந்த நாள் அன்னிக்கு ஓவர்டைம் பாக்கப் போன அப்பனாண்ட எப்படிப் பேசும்? அத்த சமாதானம் பண்ணத்தான இத்தப் போட்டதே. பக்கத்துலயே மூஞ்சத் திருப்பிக்கினு உக்காந்திருந்துச்சு. பொக வந்தவுடனே, ‘யப்பா, கருகுது, எடு எடு’ன்னு ஒரே கத்து.”

“அப்ப பேசிடுச்சு!”

“அப்புறம் வாய மூடவே இல்ல. ரெண்டாவது ஈட்ட அதுவே மோந்து மோந்து பாத்து எடுக்கச் சொல்லிச்சு. சூப்பரா வந்துச்சுடா.”

இளையவர் ஒன்றைக் கடித்து, கருகலுக்குள் செர்ரியைத் தேடினார்.

“அந்த நல்ல ஈட்டக் கொண்டாரக் கூடாதாணா?”

“கேட்டேனே. ‘நீ சுட்டத நீயே துன்னு’ன்னுடுச்சு,” என்றபடி அவர் அடுத்த கரிக்கட்டையை எடுத்து, ருசித்து மென்றார்.