ஒண்டொண்டா ஓடட்டும்

சுகிர்தன்: இந்தக் கொம்பியூட்டருக்குப் புளூடூத் வேணுமோ, வேண்டாமோ? கெதியாச் சொல்லும்.

தர்சினி: ஸ்கந்தபுரத்துப் பிள்ளையளுக்கு அது என்னத்துக்கு... வேண்டாம்.

சுகிர்தன்: அப்ப அந்தப் பேருக்கு முன்னுக்கு ஒரு மைனஸ். பிறிண்டர்?

தர்சினி: அது வேணும். வினாத்தாள் அடிக்காமல் என்ர வகுப்பு ஓடாது.

சுகிர்தன்: தமிழ் எழுத்து?

தர்சினி: கேக்கிற கேள்வியைப் பார்!

சுகிர்தன்: கேட்டுத்தானே போடவேணும். இது பார்சல் சோறில்லை தர்சினி. மற்ற லினக்ஸ் எல்லாம் ஆக்கி வைச்சதைத் தரும். இது அரிசியையும் காயையும் தந்திட்டு, உம்மட குசினியில நீரே ஆக்கும் எண்டு விடும். என்ன வேணும், என்ன வேண்டாம் எண்டு இந்தப் பைலில இப்பவே எழுதினாத்தான் உண்டு.

தர்சினி: கதிர்காமநாதன் மாஸ்ரர் சொன்ன அதே கதை. லண்டனுக்குப் போயும் மாத்தேல்லை.

சுகிர்தன்: கிளிநொச்சியில அந்த மேல்மாடி வகுப்பு... ஒரே ஒரு கொம்பியூட்டர். சுத்திவர நாங்கள் எல்லாரும்.

தர்சினி: கீழ ஜெனரேற்றர். மண்ணெண்ணெய் மணம். உமக்குத் தும்மல்.

சுகிர்தன்: உமக்குச் சிரிப்பு.

தர்சினி: சிரிக்காமல்? நீர் தும்மின தும்மலில கால் பட்டு வயர் கழண்டு... காலமை தொடக்கம் மெஷின் ஆக்கிக்கொண்டிருந்த கொம்பைல் எல்லாம் போச்சு. மாஸ்ரர் உம்மை வெளியில கலைச்சுவிட்டவர்.

சுகிர்தன்: நீரும் பின்னால வந்து நிண்டனீர்தானே.

தர்சினி: எனக்கு உள்ளுக்கு வெக்கை... பொறும், இதென்ன? ஒண்டு எண்டு போட்டிருக்கிறீர்?

சுகிர்தன்: அதோ... அது ஒரே நேரத்தில எத்தினை அடுப்பு மூட்டிறது, எத்தினை வேலை ஓடிறது எண்டது.

தர்சினி: ஒண்டே ஒண்டோ?

சுகிர்தன்: ரண்டு போட்டா ஜெனரேற்றர் இழுக்காது எண்டு மாஸ்ரர் கத்துறவரெல்லே.

தர்சினி: இப்ப ஆரிட்ட ஜெனரேற்றர் இருக்கு? கரண்ட் வந்து எவ்வளவு காலம்!

சுகிர்தன்: பழகின கை... மெஷினும் பழசு, சூடாகிடும். ஒண்டு காணும். இரும், கிணத்தடியில முகம் கழுவிட்டு வாறன். வந்து தொடங்குவம்.

தர்சினி: போட்டு வாரும். துவாய் கொடியில கிடக்கு.

சுகிர்தன்: ...ம், வந்திட்டன். தட்டட்டோ?

தர்சினி: தட்டும்.

சுகிர்தன்: ஓடுது! வரி வரியாப் போகுது, பாரும். அப்ப நாங்கள் எல்லாரும் இதைத்தானே வாயைத் திறந்து பாத்துக்கொண்டிருப்பம்.

தர்சினி: நான் அதைத்தான் பாத்தனான் எண்டு ஆர் சொன்னது?

சுகிர்தன்: ...என்ன?

தர்சினி: ஒண்டுமில்லை. பிளேன்ரீ ஆறுது, குடியும். வான் எத்தினை மணிக்கு?

சுகிர்தன்: நாலுக்கு. நேரா எயார்போர்ட்.

தர்சினி: பிறகு லண்டன்.

சுகிர்தன்: ஓம்... வேலை, அறை, திரும்ப வேலை. கதவைத் திறந்தா ஒருத்தரும் இல்லை.

தர்சினி: ம்.

சுகிர்தன்: மாஸ்ரர்ட அந்த மெஷின் கடைசியில முடிஞ்சதோ?

தர்சினி: எங்க முடிஞ்சது... அது ஓடிக்கொண்டிருக்கேக்கையே சண்டை கிட்ட வந்து சனம் ஊரைவிட்டு வெளிக்கிடத் தொடங்கீட்டுது. நீர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதை ஆர் பாத்தது?

சுகிர்தன்: நான் அதை அடிக்கடி நினைக்கிறனான்.

தர்சினி: மெஷினையோ?

சுகிர்தன்: ...மெஷினையும்.

தர்சினி: இப்பவும் பாதியில விட்டிட்டுத்தானே போகப்போறீர்.

சுகிர்தன்: பொறும்... இதென்ன, பிரவுசரும் வரிசையில நிக்குது! அதை மட்டும் ஆக்கினதா எடுப்பம் எண்டெல்லோ இருந்தனான். இது பொழுதுபட்டாலும் முடியாது.

தர்சினி: வந்தா வந்திட்டுப் போகட்டும்.

சுகிர்தன்: வான் வந்திடுமே...

தர்சினி: அப்ப அந்த ஒண்டை நாலாக்கும். கெதியா முடியும்.

சுகிர்தன்: பொறும், இந்தப் பிளேன்ரீயைக் குடிச்சிட்டு மாத்திறன்.

தர்சினி: ஏன், கை போகேல்லையோ?

சுகிர்தன்: தர்சினி... இந்த மெஷின் நாலும் தாங்கும். சூடாகாது. நான்தான்... கெதியா முடிஞ்சா எழும்பிப் போகவேணும் எண்டு ஒண்டு போட்டனான். எனக்குப் போக மனமில்லை. அந்த மேல்மாடியில உம்மட்டக் கேக்க நினைச்சதை, இது ஓடி முடியிறதுக்குள்ள கேப்பம் எண்டு... நீர் சிரிப்பீர்.

தர்சினி: அந்தச் சுவரோட நிக்கிற மூண்டு மெஷினையும் பாத்தனீரோ?

சுகிர்தன்: ஓம். இதேமாதிரித்தான் கட்டியிருக்கு, வடிவா. ஆர் செய்தது?

தர்சினி: நான்தான். நாலு நாலாப் போட்டு. இதைக் கட்டத் தெரியாமல் உம்மைக் கூப்பிடேல்லை சுகிர்தன். நீர் முகம் கழுவப் போன நேரம் அந்தப் பிரவுசரைச் சேத்ததும் நான்தான்... ஒண்டை மாத்தாதையும், அப்பிடியே ஓடட்டும். வான்காரனுக்கு நீர் சொல்லுறீரோ, நான் சொல்லட்டோ?