தரவுத்தளத்துக்கு நாள் எண்ணக் கற்றுக்கொடுத்த அக்காவுக்கு

குழாய்தோறும் ஓடும் நீருக்குக் குறையின்றிக் கணக்குச் சொன்ன கரங்களுக்கு உரியவரே! சினம் வந்தாலும் சிரிப்பை விடாத சீர்மையே! குடிநீர் அலுவலகக் கணினிப் பிரிவில், மதிய வெயில் வந்து விழும் ஜன்னலோர மேசையை இத்தனை ஆண்டுகள் தாய்வீடாக்கி வைத்திருந்த எங்கள் அன்பு அக்காவே! வணக்கம்.

பணி ஓய்வு பெறும் தங்களை வாழ்த்தத்தான் எழுத உட்கார்ந்தோம். எழுத எழுத, வாழ்த்தை முந்திக்கொண்டு ஏக்கம் வருகிறது, பொறுத்தருள வேண்டும். இந்த மடலுக்கு இப்போது வேலையே இருக்காது என்றுதான் நம்பியிருந்தோம். இரண்டாண்டுப் பணி நீட்டிப்பு ஆணை மேலாளரின் மேசையில் தயாராக இருந்தது. தங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழ வேண்டும் என்று இங்கே நாங்கள் அத்தனை பேரும் ஆசைப்பட்டோம். அது விழக் கூடாது என்று மலையடிவாரத்து அணைக்கட்டு வீட்டில் ஒருவர் ஆசைப்பட்டார். அவர் இன்று இந்த வழியனுப்பு விழாவின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

சின்னஞ்சிறு கருவிக்குள் சிந்தனையை ஊட்டியவரே!

வீடு வீடாகப் போய் நீர்மானி பார்க்கும் ஊழியர்களின் கைக்கருவிக்குள் ஒரு குட்டித் தரவுத்தளம் குடியிருக்கிறது. எங்கோ இருக்கும் பெரிய கணினியை நம்பாமல், சிக்னல் கிடைக்காத சந்திலும் கேட்டதற்குப் பதில் சொல்லும் சமர்த்து அது. தரவுத்தளங்களுக்குப் புரியும் எஸ்.க்யூ.எல். மொழியில் கேட்டால் எண்ணும், கூட்டும், சராசரி சொல்லும். அதற்கு மேல் கேட்டால் கையை விரித்துவிடும். இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அதற்குத் தெரியாது. ஒரே தெருவின் பெயரை நாலு பேர் நாலு விதமாக எழுதியிருந்தால், நாலு தெரு என்றே சாதிக்கும்.

"இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடலாம்க்கா" என்று நாங்கள் சொன்னோம். "இருக்கிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காம யாராவது வேற பிள்ளையைத் தத்தெடுப்பாங்களா?" என்று தாங்கள் சிரித்தீர்கள். பிறகு, அதற்குத் தெரியாததையெல்லாம் உதவிச் செயல்கூறுகள் என்னும் குட்டி நிரல்களாக எழுதி அதனோடு சேர்த்தீர்கள். தூரம் கணக்கிட ஒன்று. எழுத்துப் பிசகிய பெயர்களை இனம் காண இன்னொன்று. வழக்கத்தைவிட நீர் அதிகம் ஓடும் வீட்டில் கசிவு இருக்குமோ என்று சந்தேகப்படவும் ஒன்று. இவை தரவுக் கோப்புக்குள் தங்குவதில்லை. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அதை மறந்துவிட்டு, "அப்படியொரு செயல்கூறு இல்லை" என்ற செய்தியைத் திரையில் பார்த்து அலறாதவர் எங்களில் எவருமில்லை.

நாள் எண்ணும் செயல்கூறின் கதை மட்டும் தனி. அதை இந்த அவையோருக்குக் கதையாகவே சொல்லிவிடுகிறோம்.

அக்காவின் கணவர் அணைக்கட்டில் மதகுகளைப் பார்த்துக்கொண்டவர். அவர் திறந்துவிட்ட தண்ணீர்தான் ஊருக்கு வந்தது. வந்த தண்ணீரை அளந்தவர் அக்கா. ஒரே தண்ணீரின் இரண்டு முனைகளில் இருந்து நடத்திய குடித்தனம் அது. மகள் அக்காவிடம் வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் போனாள். விடுமுறை கிடைத்தால் ரயில், கிடைக்காவிட்டால் தொலைபேசி.

மகள் படித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஒரு குழப்பம் வந்தது. கடைசியாக மானி பார்த்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லும் செயல்கூறு ஒன்றை அக்கா எழுதியிருந்தார். நெடுநாள் பார்க்காத வீடு பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் தெருத்தெருவாக வீடுகள் பட்டியலிலிருந்து காணாமல் போயின. நாங்கள் 'நடைவண்டி' என்று செல்லமாகக் கூப்பிடும் ஊழியர் கருவியைக் கொண்டுவந்து அக்காவின் மேசைமேல் வைத்தார்.

"அக்கா, இந்தத் தெருவுக்கு நான் இன்னைக்குத்தான் போனேனாம், மிஷின் சொல்லுது. என் செருப்பைக் கேளுங்க, போய் எவ்வளவு காலமாச்சுன்னு அது சொல்லும்!"

"அப்ப செருப்பையும் டேட்டாபேஸ்ல சேர்த்துடலாம் அண்ணே" என்றாள் நாங்கள் எல்லோரும் 'தங்கை' என்றே கூப்பிடும் பக்கத்து மேசைப் பெண்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நான்கு நாட்களாக ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டார். கணக்கில் பிழையே இல்லை. தங்கள் தெருவுக்கு ஆளே வருவதில்லை என்று ஊரார் திட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்து வெறுமனே பிசைந்துகொண்டிருந்தபோது அணைக்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. கை எச்சில் என்பதால் தொலைபேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து ஒலிபெருக்கியில் போட்டார். அறை முழுவதும் கேட்டது.

"என்னைக்கு வர்ற?"

"இப்பதானே வந்துட்டுப் போனேன்."

"எப்பக் கேட்டாலும் இப்பதான்ங்கிற. நீ வந்தப்ப கொய்யா பூ விட்டிருந்துச்சு. அது காய்ச்சு, பழுத்து, அணில் தின்னு, மறுபடியும் பூ விட்டாச்சு. கிளம்பின அன்னைக்குச் சொன்ன பதிலையே இன்னும் சொல்லிட்டிருந்தா எப்படிம்மா? நாள் ஓடுதுல்ல?"

அக்காவின் கை அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

மறுமுனையில் குரல் குழைந்தது. "நாள் ஓடுதுன்னேன்... உன்னைப் பாக்கணும்போல இருக்கு."

"அது இல்லைங்க, அதுக்கு முன்னாடி சொன்னது!"

அவர் என்ன சொல்வார், பாவம்! "கொய்யாவா?" என்றார். அதற்குள் அக்கா எச்சில் கையோடு எழுந்து கணினிக்கு ஓடிவிட்டார்.

வேகமாக இயங்கட்டும் என்று தரவுத்தளத்துக்கு அக்கா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: இந்தச் செயல்கூறு, ஒரே வீட்டுக்கு என்றைக்கும் ஒரே விடைதான் தரும் என்று. தரவுத்தளம் அதை அப்படியே நம்பிவிட்டது. மானி பார்த்த அன்றைக்கே ஒரு முறை கணக்கிட்டு, "இன்றுதான் பார்த்தது" என்ற விடையை எடுத்துவைத்துக்கொண்டு, எப்போது கேட்டாலும் அதையே நீட்டியது. அக்கா அந்த வாக்கைத் திரும்பப் பெற்றார். இன்றைய தேதியையும் சேர்த்தே கேள்வி கேட்கும்படி மாற்றி எழுதினார். சாயங்காலத்துக்குள், மறந்துபோன தெருக்களெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு திரும்பி வந்தன.

"அக்கா, தெருவெல்லாம் சரியாயிடுச்சு. அவருக்கு என்ன பதில்?" என்று கேட்டாள் தங்கை.

அக்கா கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "அவர் கேள்வியில தேதி இருக்கு. என் பதில்லதான் இல்ல" என்றார். அன்றைக்கு அழைப்பு ஏன் பாதியில் நின்றது என்று முன்வரிசையில் இருப்பவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கும்.

அக்காவே! அதன்பிறகும் தாங்கள் அவரிடம் போய்ச் சேரவில்லை. புதிய கருவிகள் வந்தன; மகளின் தேர்வு வந்தது; கோடை வந்தது, தண்ணீருக்கு அடிதடி வந்தது. கட்டிவைத்த பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினீர்கள் என்று மகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தங்கள் கணவர் ஓய்வு பெற்ற பிறகும், அணைக்கரை வீட்டில் இரண்டு நாற்காலி போட்டு ஒன்றில் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே நேற்று தாங்கள் மேலாளர் அறைக்குள் நுழைந்தபோது, வெளியே எங்களில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. காதும் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டே வருஷம்மா. உங்க செயல்கூறையெல்லாம் வேற யாரு பாத்துப்பாங்க?"

"அதுக்கு இங்க இத்தனை பேர் இருக்காங்க சார். அங்க ஒருத்தர்தான் இருக்கார்."

வெளியே வந்த தங்கள் முகத்தை நாங்கள் பார்த்தோம். எத்தனையோ வருடப் பயணக் களைப்பு இறங்கியதுபோல இருந்தது அது. எங்கள் ஆசையைச் சொல்ல எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டோம். தங்கை மட்டும் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தூரம் கணக்கிடும் செயல்கூறைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டோம்.

ஒரே கூரையின் கீழ் தாங்கள் இருவரும், தினமும் ஒரு சின்னச் சண்டையாவது போட்டுக்கொள்ளும் அளவுக்கு உடல் வலுவோடும், அதைச் சாப்பாட்டு வேளைக்குள் மறந்துவிடும் அளவுக்கு மன வளத்தோடும் நீடு வாழ வேண்டும்! மாலை வெளிச்சம் நீர்மேல் விழுவதைப் பேசிக்கொண்டே பார்க்க வேண்டும்!

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஏதாவது ஒரு செயல்கூறு முரண்டு பிடித்தால் எங்கள் விரல் தானாகத் தங்கள் எண்ணைத் தட்டிவிடும். தட்டத்தான் செய்யும், எங்களை எங்களுக்குத் தெரியும். அக்கா, எடுக்காதீர்கள். மணி முழுவதும் அடித்து ஓயட்டும். அக்கா வீட்டில் இல்லை, அவரோடு அணைக்கரையில் நடந்துகொண்டிருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, நாங்களே உட்கார்ந்து சரிசெய்துகொள்கிறோம்.

தங்கள் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கப்போகும்,
கணினிப் பிரிவுப் பணியாளர்களும்
நீர்மானி ஊழியர்களும்