மூண்டு ஓட்டமும் ஒரு இறைப்பும்

ஒரு ஊரிலை ஒரு விசரன், புத்தி கெட்டவன், இருந்தானாம். கன காலத்துக்கு முந்தியில்லை, இண்டைக்குக் காலமை. ஊர் உடுவில் எண்டு வையும். விசரனுக்கு நாலு பரப்புக் காணியிலை வெங்காயம், ரெண்டு பிள்ளையள், ஒரு சைக்கிள், வாய் திறக்காத ஒரு பெண்சாதி… இஞ்சேரும் அருமைநாயகி, கொஞ்சம் மெதுவா நடவும். உம்மடை கையிலை ரெண்டு வாளித் தண்ணி, என்ரை கையிலை ஒண்டும் இல்லை, எண்டாலும் உமக்குப் பின்னாலை வர ஏலாமல் கிடக்கு. கெண்டைக்கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு. காலமை தொடக்கம் நீர் என்னோடை ஒரு சொல்லும் கதைக்கேல்லை. சரி, கதைக்க வேண்டாம். கதை கேளும்.

விசரன்ரை பேர் சீவரத்தினம் எண்டு வையும். சனசமூக நிலையத்துப் பெடியள் பொங்கலோடை ஒரு புதுப் போட்டி வைச்சவையாம். முதல் நீந்த வேணும், அந்த ஈரத்தோடை சைக்கிள் ஓட வேணும், சைக்கிளைப் போட்டிட்டுக் காலாலை ஓட வேணும். பெடியளுக்கு வைச்ச போட்டிக்கு இந்த நாப்பது தாண்டினவன் ஏன் பேர் குடுத்தவன்? ஒரு பெடியன் வந்து, நீங்கள் நடுவரா இருங்கோவன் அண்ணை எண்டு மரியாதையாக் கேட்டுப்போட்டான். அதுதான் சுட்டுப்போட்டுது.

கடலிலை பழக நேவிக்காரன் விடான். குளத்திலை பழகினா ஆக்கள் சிரிப்பினம். அதாலை நாலு குடும்பம் பங்கு போட்டு இறைக்கிற தோட்டக் கிணத்துக்குள்ளை இறங்கிச் சுத்திச் சுத்தி நீந்தினான். பங்குக்காரன் தம்பிராசா அண்ணை எட்டிப் பாத்து, ஆமை ஒண்டு விட்டனாங்கள்தான், உவ்வளவு பெரிசா வளருமெண்டு நினைக்கேல்லை எண்டவர். பிள்ளையளுக்கு அவிச்ச முட்டையையும் திண்டான். பாரம் குறையட்டுமெண்டு சைக்கிள் கரியரைக் கழட்டி எறிஞ்சான். அந்தப் பெண்சாதி கீரைக்கட்டைத் தலையிலை வைச்சுச் சந்தைக்கு நடந்தவ. அப்பவும் அவ ஒண்டும் சொல்லேல்லை, என்ன? தோட்டத்திலை மட்டும் விளையாடக் கூடாது எண்டு ஒரே ஒரு சொல்லுத்தான் கேட்டவ. இவனும் இணுவில் கந்தசாமி கோயில் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் பண்ணினவன்.

போட்டியும் வெள்ளிக்கிழமை காலமை. எங்கடை இறைப்பு முறையும் வெள்ளிக்கிழமை காலமை. இவன் என்ன சொன்னவன்? விடியவே மிசினைப் போட்டு இறைச்சுப்போட்டுத்தான் போவன், நீர் தோட்டப் பக்கம் வரத் தேவையில்லை… ஓம் ஓம், அந்தப் பாத்திக்கு ஊத்தும், அதுதான் கூட வாடிக் கிடக்கு.

நீச்சலிலை கடைசி. குளத்துத் தாமரைக்கொடி காலைப் பிடிச்சது எண்டு சொல்லலாம். சைக்கிளிலையும் கடைசி. தெல்லிப்பழை போய்த் திரும்பேக்கை மேலை ஆமிக்காரன்ரை ஹெலிச் சத்தம் கேட்டுது. பெடியள் எல்லாரும் சைக்கிளைப் போட்டிட்டு வேலிக்கரையிலை படுத்திட்டாங்கள். ரெண்டு பிள்ளையின்ரை தேப்பன் மட்டும், இதைவிட்டா வேறை சந்தர்ப்பம் வராதெண்டு மிதிச்சான். ஹெலி சுடாமல் பலாலிக் காம்ப் பக்கம் போட்டுது. பெடியள் எழும்பிப் பாக்க, இவன் முன்னுக்கு. பிறந்த நாளிலையிருந்து முதல் தடவை முன்னுக்கு.

அப்பிடி வரேக்கைதான் எங்கடை தோட்டத்தடி வந்துது.

கிணத்தடியிலை தம்பிராசா அண்ணையின்ரை மிசின் ஓடுது. அண்ணை யாழ்ப்பாணம் போட்டார், பெண்சாதி பத்மாசினி மண்வெட்டியோடை தனிய நிண்டு தண்ணி கட்டுறா. நீர் அவவுக்கு முன்னாலை நிக்கிறீர். எங்கடை முறையைக் களவெடுத்த களவாணியள் எண்டு நீர் கத்தினது ரோட்டு முழுக்கக் கேட்டுது. "அக்கா, உங்கடை மனிசனைக் கேளுங்கோ," எண்டு அவ அழுமாப் போலை சொன்னவ. நீர் திரும்பிப் பாத்தீர். சைக்கிள் வருது. நிப்பானெண்டு பாத்தீர். அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு போட்டான்.

முன்னுக்குப் போற ஆசையிலை நிக்காமல் போனவன் எண்டுதானே கோவம்? அதில்லை அருமை… வாளியைக் கொஞ்சம் வையும்.

நேற்றுப் பின்னேரம் நான்தான் தம்பிராசா அண்ணையிட்டைப் போய் முறையை மாத்தினனான். விடிய மண்வெட்டி பிடிச்சுத் தண்ணி கட்டினா நீந்தக் கையிலை பலம் இராதெண்டு. ஞாயிற்றுக்கிழமை அவையின்ரை முறை எங்களுக்கு. ரெண்டு நாள்தானே, வெங்காயம் தாங்கும், உமக்குத் தெரியவராது எண்டு நினைச்சன். பத்மாசினி களவெடுக்கேல்லை. நான் குடுத்தது. நிண்டிருந்தா அவவுக்கு முன்னாலை அதைச் சொல்லியிருக்க வேணும். அதுக்குப் பயந்துதான் மிதிச்சனான்.

பிறகு ஓட்டத்திலை கால் இழுத்து, கடைசியாத்தான் வந்தனான். அதையும் சேத்துக்கொள்ளும். ஆறுதல் பரிசா ஒரு உடுப்புத் தோய்க்கிற சவுக்காரக்கட்டி தந்தவை. உமக்குத்தான்…

என்ன, கையைக் கழுவுறீர்? எங்கை போறீர்? வீட்டுக்கு இந்தப் பக்கமெல்லே. அது தம்பிராசா அண்ணை வீட்டுப் படலை… பத்மாசினியிட்டை மன்னிப்புக் கேக்கவோ? நானும் வாறன், நானே சொல்லுறன். வேண்டாமோ? என்னத்தைக் காட்டுறீர்… வாளியையோ? ஓம். மிச்சப் பாத்தியள். ஓம், விளங்குது.

அருமை… சவுக்காரத்தையாவது கொண்டுபோய்க் குடுமன்…

போயிட்டா.

அந்த விசரன் அப்பத்தான் வாளியைத் தூக்கினானாம்.