அக்கா ஏன் வரவில்லை?

எழுத்தை நேசிக்கும் இந்த எழில்மிகு மாலைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே! தலை நரைத்தும் வாசிப்பில் நரைக்காத பெரியவர்களே! வீட்டு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, "என்னதான் பேசுகிறார்கள், பார்ப்போமே" என்று வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் தூங்கவைத்துவிட்டதாக நடித்துக்கொண்டிருக்கும் என் இளைய தோழர்களே, தோழியரே! சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் உண்மைதான். உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

"சிறுகதை படிக்கச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள்" என்று கேட்டுத்தான் என்னை இங்கே அழைத்தார்கள். சொல்லிவிடலாம். சொன்னால் கேட்பீர்களா? உங்கள் வயதில் நான் கேட்டேனா? ஆகவே அறிவுரையை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். என் கண்ணெதிரே நடந்த ஓர் அதிசயத்தை மட்டும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

நான் ஒரு நூலகர். எங்கள் நூலகத்து மாடியில், மின்விசிறி சுழல்கிறதா முனகுகிறதா என்று தெரியாத ஓர் அறையில், ஞாயிறுதோறும் இளைஞர்கள் கூடிச் சிறுகதை வாசிப்பார்கள். ஒருநாள் மழைக்கு ஒதுங்க ஒரு பெண் படியேறி வந்தாள். பக்கத்துத் தெரு பேக்கரியில் கேக்கின் மேல் கிரீமால் பெயர் எழுதுவது அவள் வேலை. வாசலிலேயே நின்று ஒரு கதையைக் கேட்டாள். மழை விட்டது. அவள் போகவில்லை!

அடுத்த வாரமும் வந்தாள். வேலைக்கு நடுவே, அடுப்புச் சூட்டில், மாவு படிந்த விரலால் பக்கம் புரட்டிப் புரட்டிப் படித்தாள். பிறகு ஒருநாள் தானும் எழுதலாமா என்று கேட்டாள். "எழுத்து எனக்குப் புதுசு இல்ல சார். தெனமும் எழுதறேன். என்ன, எழுதி முடிச்சதும் வெட்டித் தின்னுடறாங்க" என்றாள். அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் எங்களுக்கு "கேக்கம்மா".

அந்தக் கேக்கம்மா எழுதிக்கொண்டுவந்த முதல் கதை சிரிக்கவைக்கவில்லை, ஐயா. சுட்டது! நோயில் படுத்த ஒரு தகப்பன். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் சின்ன மகள். எட்டிப் பார்க்காத பெரிய மகள். காலையில் கண் விழித்ததும் தகப்பன் கேட்பார்: "பெரியவ வந்துட்டாளா?" இல்லையென்றதும் தலையசைப்பார். கடைசிவரை அவள் வரவில்லை. கதை முடிந்தது.

பின்வரிசையில் ஒரு தம்பி கை உயர்த்துகிறார்: கதையா, நடந்ததா? நல்ல கேள்வி, தம்பி! நடந்ததுதான். அந்தத் தகப்பன் அவளுடைய அப்பா. பெயின்ட் அடித்து அடித்து நுரையீரலைப் பறிகொடுத்தவர். அந்தப் பெரிய மகள் அவளுடைய அக்கா. வேறோர் ஊரில், பேருந்து நிலையத்தில், டிக்கெட் கொடுக்கும் வேலை. ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிக்கிறவளுக்குத் தன் ஊருக்கு ஒன்று கிழிக்கத் தெரியவில்லையா என்று, அப்பா போன அன்றைக்கே தங்கை அக்காவோடு பேச்சை வெட்டிவிட்டாள். அக்காவை ஊரறிய நிறுத்திக் கேட்கத்தான் அவள் பேனாவையே எடுத்தாள்.

வாசித்து முடித்ததும் நாங்கள் கைதட்டினோம். ஒரு கல்லூரி மாணவி மட்டும் தட்டவில்லை. "கேக்கம்மா, பெரிய மக வரலை, சரி. அந்த நேரத்துல அவ எங்க உக்காந்திருந்தா? என்ன பண்ணிட்டிருந்தா?" என்று கேட்டாள்.

கேக்கம்மாவுக்குக் கோபம். அவள் என்ன செய்தால் எனக்கென்ன என்றாள். ஆனாலும் எழுத உட்கார்ந்தாள். எழுத உட்கார்ந்தவளை எழுத்து விடுமா? அக்காவை அந்த டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவைத்தாள். கையில் டிக்கெட்டைக் கொடுத்தாள். எதிரே தன் ஊருக்குப் போகிற பயணி ஒருவரை நிறுத்தினாள். அந்த டிக்கெட்டைக் கிழிக்கும்போது அக்காவின் முகம் எப்படி இருந்தது? தெரியவில்லை! சிரித்தாளா? நம்பமுடியவில்லை. அழுதாளா? அப்படியென்றால் ஏன் வரவில்லை? கொடியவள் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம், அன்பர்களே. கொடியவளாகவே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்! பேனா நகராது!

நகரவில்லை. வாரக்கணக்கில் நகரவில்லை. கடைசியில் ஒரு மத்தியான வேளை, பேக்கரியின் பின்கட்டில் நின்று அக்காவுக்குப் போன் செய்தாள். நலம்கூட விசாரிக்கவில்லை. "நீ ஏன் வரலை?" என்று மட்டும் கேட்டாள்.

பேச்சு நின்ற நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. அந்தப் பக்கம் டிக்கெட் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா சொன்னாள்: "அப்பாதான் வர வேணாம்னாரு."

நிமிர்ந்து உட்காருகிறீர்கள். எங்கள் மாடி அறையில் அவள் வந்து இதைச் சொன்னபோது நாங்களும் இப்படித்தான் நிமிர்ந்தோம்.

படுக்கையிலிருந்து அப்பா ரகசியமாகப் போன் செய்திருக்கிறார். "எல்லாரும் வந்து நின்னுட்டா, கெளம்ப வேண்டியதுதான்னு ஆயிடும்மா. நீ ஒருத்தி வராம இரு. இன்னும் பெரியவ வரணும், பெரியவ வரணும்னு சொல்லிக்கிட்டே நான் இருந்துக்கறேன்" என்றிருக்கிறார். அப்படியானால் காலையில் அவர் கேட்ட அந்தக் கேள்வி? அது ஏக்கமில்லை, ஐயா! இன்னும் ஒருநாள் இருக்கலாமா என்று அந்த மனிதர் உயிரிடம் கேட்ட அனுமதி! இல்லையென்று சொன்ன பிறகுதான் ஒரு வாய் சாப்பிடுவார் என்பது தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். "அப்பா உசுரைப் பிடிச்சு வெச்சிருந்தது நீதான்னு நெனச்சிட்டிருந்தே. அதை எதுக்குடி நான் கலைக்கணும்?" என்றாள் அக்கா.

கதையைத் திருப்பி எழுதினாள் கேக்கம்மா. இம்முறை சொல்வது பெரிய மகள். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் ஊருக்குப் போகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். அந்தக் கதையை அவள் எங்கள் மாடியில் வாசித்த ஞாயிற்றுக்கிழமை, கதவோரத்து நாற்காலியில் அக்காவே வந்து உட்கார்ந்திருந்தாள்.

வாசித்து முடித்தாள். யாரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. அக்கா மெல்ல எழுந்தாள். "நல்லா எழுதியிருக்கே. ஆனா நான் அவ்வளவு நல்லவ இல்லடி. அப்பா வர வேணாம்னு சொன்னப்போ, அவரை அந்த நெலமையில பாக்க வேணாமேன்னு எனக்குள்ளயும் ஒரு நிம்மதி வந்துச்சு" என்றாள்.

தங்கை கதைத்தாளைத் திருப்பிப் பேனாவை எடுத்தாள். பிறகு கேட்டாள்: "அதையும் எழுதிக்கவா?"

"எழுது" என்றாள் அக்கா.

அந்தக் கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள், மறுபடி பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் அனுமதியோடுதான் இதை உங்கள்முன் வைக்கிறேன்.

என் இளைய சொந்தங்களே! ஒரு பிறவியில் ஓர் உடம்புக்குள்தான் வாழமுடியும் என்றல்லவா நினைத்திருந்தோம்? படிக்கிறவன் அந்தச் சுவரைத் தாண்டுகிறான்! எழுதுகிறவள் அந்தச் சுவரில் கதவு வைக்கிறாள்! பெரிய காவியம் வேண்டாம். ஊரை உலுக்கும் நாவல் வேண்டாம். இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள். யாரை நினைத்தால் உங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறதோ, அவராக உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். பேனா எந்த இடத்தில் நின்றுபோகிறதோ, அந்த இடத்தில் எழுந்துபோய் அவரிடமே கேளுங்கள்!

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கும், பேச நேரம் தந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்காதிருந்த தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!