ரொட்டி துரைக்கு ஓர் இலை

அறுப்பின் பண்டிகைக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் பர்னபாஸ் ஐயர் அவர்களே! சபையின் மூப்பர்களே! ஷிப்டு முடிந்து சேறு கழுவி வந்திருக்கும் தகப்பன்மாரே! காலையிலிருந்து அடுப்படியில் வெந்து, இன்னும் முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் ஆள் இறக்கும் கேஜுக்கு மணி அடிக்கும் சகாயத்தின் மகள் ஐடாவின் பணிவான வந்தனம்.

‘நன்றியுள்ள இருதயம்’ என்று பேசச் சொன்னார்கள். எழுதியும் வைத்தேன். அந்தத் தாளை இப்போது மடித்துவிட்டேன். ஐயர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் பேச விரும்புவது ஒரு நாற்காலியைப் பற்றி.

அதோ, வேப்பமரத்தடியில் இருக்கிறது. அதில் தனியே உட்கார்ந்திருப்பவர் யார்? திரும்பிப் பார்க்கிறீர்கள்! நம் ரொட்டி துரை, ஏசாயா வாக்கர். அமெரிக்கா தேசத்துக் கறுப்பு மனிதர். அடிமையாய்ப் பிறந்து, சிறுவயதில் விடுதலை கண்டவர். கப்பலில் சமையல் செய்து சென்னைக்கு வந்தவர். தங்கம் தோண்டுகிற ஊரில் மாவு பிசைந்து பிழைக்க வந்தவர். அவருக்குக் கடை போட இடம் எங்கே கிடைத்தது? வெள்ளைக்காரர் பங்களாக்களுக்கும் நம் கூலி லைனுக்கும் நடுவே, இரண்டையும் சேராத ஒரு மேட்டில்.

சுரங்கத்தில் பாறை விழுந்து பாப்பம்மா அக்காளின் புருஷன் இறந்துபோன வாரத்தில், தினமும் அவள் வாசலில் ரொட்டி வைத்தது யார்? லைனில் சண்டையென்றால் நாம் ஓடுவது யாரிடம்? வெங்கடம்மாவும் ஜெயம்மாவும் ஒரு கோழிக்காக மல்லுக்கு நின்றார்களே!

"எங்கூட்டுக் கோழி துரை!"

"பொய்யி! முட்டையிலருந்து நான் வளத்தது!"

"ரெண்டு பேரும் கதவத் தொறந்து வையுங்க. அது எந்த ஊட்டுக்குப் போவுதோ, அவங்களுது" என்றார் துரை.

கோழி எங்கே போனது? நேரே அவர் கடைக்குள் புகுந்து ரொட்டித் தூள் பொறுக்கியது! சிரியுங்கள், அன்றைக்கும் சிரித்தோம். ஆனால் தாய்மார்களே, அந்தக் கோழியைத் தவிர அவரோடு சேர்ந்து சாப்பிட்ட உயிர் இந்த ஊரில் உண்டா?

வெள்ளைக்காரர் கிளப்பில் அவருக்கு நாற்காலி இல்லை. நம் வீட்டுக் கலியாணங்களிலோ நாற்காலியைத் தவிர வேறொன்றும் இல்லை. தொப்பி வைத்தவர், இங்கிலீஷ் பேசுகிறவர், ஆகையால் துரை. துரையைத் தரையில் உட்காரவைக்கலாமா? பந்தலுக்கு வெளியே தனி நாற்காலி, தனித் தட்டு, தனிச் சோறு. மரியாதை என்று நினைத்தோம். மனதாரத்தான் நினைத்தோம்.

நானும் நினைத்தேன். என் அக்காள் ஞானசுந்தரியின் கலியாணத்தில் தட்டைக் கொண்டுபோய் நீட்டியவள் நான்தான். அவர் பந்தியைக் காட்டி, "அங்க எடம் இருக்குதாம்மா?" என்றார். "ஐயய்யோ, நீங்க கீழ குந்தலாமா துரை?" என்றேன். இரண்டு கவளம் உண்டார். தட்டை நாற்காலிக்கடியில் வைத்தார். எதிரே நூறு பேர் தோளோடு தோள் உரசிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முந்தாநாள், வெள்ளிக்கிழமை, அவர் கடைக்குப் போனேன். தகரப்பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா துரை, ஊருக்கா?"

"ஆமாம்மா. வியாழக்கெழம ரயிலு. மெட்ராஸ்ல கப்பலு."

"அங்க யாரு இருக்காங்க?"

"யாருமில்ல."

"அப்பால இன்னாத்துக்குப் போறீங்க?"

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். "பன்னெண்டு வருசமா இந்த ஊருக்கே ரொட்டி சுடறேன். ஒரு ஆளுகூடக் குந்தி நான் துன்னதில்லம்மா."

இதைச் சபையில் சொல்ல அவரிடம் நான் உத்தரவு கேட்கவில்லை. அவரும் மன்னிக்க வேண்டும்.

தலைவர் அவர்களே! இன்னும் நான்கு நாளில் வியாழக்கிழமை. மாரிகுப்பத்து ரயிலை நிறுத்த என்னால் ஆகுமா? ஆகாது. அந்த முடிச்சை அவிழ்க்க ஆகுமா? அதுவும் ஆகாது. ஓர் இலை போட ஆகும். முதல் பந்தியில், என் அப்பாவுக்கும் ராஜப்பா மேஸ்திரிக்கும் நடுவே ஓர் இலை போட்டிருக்கிறேன். தண்ணீரும் தெளித்தாயிற்று.

என்ன அப்பா? எழுந்து நின்று சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"வா அண்ணே! இங்க வந்து குந்து!"

துரை என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? அதோ, எழுந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி நாற்காலியின் மேல் வைக்கிறார். நடந்து வருகிறார். யாரும் கைதட்டாதீர்கள்; வேடிக்கையும் பார்க்க வேண்டாம். சற்றே நகர்ந்து இடம் கொடுங்கள்.

இதுவரை பொறுமையாய்க் கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. சோறு ஆறுகிறது. அனைவருக்கும் வந்தனம்.